படகு அப்புறம், முதலில் படித்துறை: வீராணம் ஏரிக்காக ஒரு திறந்த மடல்

வணக்கம்.

யார் பெயரைப் போட்டு இதை ஆரம்பிப்பது என்று ரொம்ப நேரம் யோசித்தேன், பிடிபடவில்லை. ஏரியும் கரையும் ஒருவர் பொறுப்பு, கரை மேல் ஓடும் ரோடு இன்னொருவர் பொறுப்பு, மீன் ஒருவருக்கு, சென்னைக்குப் போகும் தண்ணீர் ஒருவருக்கு, கரைக்குக் கீழே இருக்கும் புறம்போக்கு வேறொருவருக்கு, விழுகிற குப்பை மட்டும் பஞ்சாயத்துக்கு. அதனால் எங்கள் கடலூர் ஜில்லா வீராணம் ஏரியைச் சுற்றுலாத் தலமாக்க வேண்டும், பூங்கா வேண்டும், படகு விட வேண்டும் என்று மனு எழுதுகிறவர்கள், மேடையில் வாக்குக் கொடுக்கிறவர்கள், அளந்து வரைபடம் போடப் போகிறவர்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடுகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்று. நான் பூங்கா வேண்டாம் என்கிற ஆள் கிடையாது, கண்டிப்பாக வேண்டும் என்கிற கட்சி. காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை, சேத்தியாத்தோப்பு பக்கம் ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போகும், சொல்லுங்கள். கடலூர் சில்வர் பீச் நமக்குத் தூரம். பிச்சாவரம் போகலாம், படகுக் கட்டணம், வண்டி வாடகை, சாப்பாடு என்று கணக்குப் போட்டால் அது வருஷத்துக்கு ஒருமுறை சமாசாரம். மிச்சம் இருப்பது நம் ஏரிக்கரைதான். அங்கே ஏற்கெனவே ஜனம் வந்துகொண்டுதான் இருக்கிறது, காணும் பொங்கலன்று கரையில் பஸ் நகராது. ஆக யாரையும் புதிதாக வரவழைக்க வேண்டியதில்லை. வருகிறவர்கள் பத்திரமாக, கௌரவமாக உட்கார்ந்துவிட்டுப் போகிற மாதிரி செய்து கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆனால் பூங்கா என்று பேச்செடுத்ததும் எல்லோருக்கும் மனதில் வருவது சாத்தனூர் அணை, வைகை அணை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எல்லோரும் போன இடம், அதனால் வரத்தான் செய்யும். சிக்கல் என்னவென்றால் அந்தப் பூங்காக்கள் அணைக்குக் கீழே, தரையில் இருக்கின்றன. அணையில் தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் பூச்செடிக்கும் ஊஞ்சலுக்கும் ஒன்றும் ஆகாது. வீராணம் அணை கிடையாது, சோழர் காலத்து ஏரி. பராந்தகனின் மகன் ராஜாதித்தன் பத்தாம் நூற்றாண்டில் வெட்டியது, அப்பாவின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரை வைத்தது என்பதெல்லாம் இங்கே எந்தச் சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்வான். பதினாலு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மண் கரை, உள்பக்கம் தண்ணீர், வெளிப்பக்கம் வாய்க்காலும் வயலும், மேலே ரோடு. பூங்காவுக்கென்று அகலமாக இடம் எங்கே இருக்கிறது? இடம் இல்லாத இடத்தில் சாத்தனூரைக் கொண்டுவந்து ஒட்டினால், கடைசியில் ரோட்டோரம் ஒரு சிமெண்ட் டைனோசரும் ஓடாத நீரூற்றும் துருப்பிடித்த சறுக்குமரமும்தான் மிஞ்சும். இந்த ஜில்லாவில் அப்படி மிஞ்சியவற்றைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

அடுத்தது தண்ணீர். வெளியூரிலிருந்து தை மாதம் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுத் திட்டம் போடுகிறவர்களுக்கு இது தெரியாது. இந்த ஏரிக்கு என்று ஒரு வருஷக் கணக்கு இருக்கிறது. மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி திறந்தால் அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி, கொள்ளிடத்தில் இறங்கி, கீழணைக்கு வந்து, அங்கிருந்து வடவாறு வழியாக நமக்கு வந்து சேர வேண்டும். ஆடியில் ஏரி நிறையத் தொடங்கும். பார்க்க அழகாக இருக்கும், 'பொன்னியின் செல்வன்' கதையில் படித்த ஏரியைத் தேடி வருகிறவர்களும் ஆடிப்பெருக்குக்குத்தான் வருவார்கள். ஆனால் அதுதான் காற்றுக் காலமும். மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும், நம் கரை ஏரிக்குக் கிழக்கே இருக்கிறது, ஆகவே ஏரியில் எழும் அலை அத்தனையும் கரைக் கல்லில்தான் வந்து மோதும். அந்த நேரத்தில் பெடல் படகில் புதுமணத் தம்பதி யாராவது ஏறினால் மிதிக்காமலே கரைக்கு வந்துவிடலாம், என்ன ஒன்று, வந்து கல்லில் முட்டுவார்கள்.

ஐப்பசி, கார்த்திகை வேறு கதை. கீழணைத் தண்ணீர் போதாதென்று அரியலூர் பக்கத்திலிருந்து செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாக மழைத்தண்ணீர் ஏரிக்குள் வந்து விழும். செம்மண் நிறத்தில் வருகிற வெள்ளம், கூடவே முள்ளும் மரமும் வரும். அப்போது லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடை வழியாகவும், அந்தப் பக்கம் பூதங்குடி மதகு வழியாகவும் உபரியைத் திறந்து விடுவார்கள். அது வேடிக்கை பார்க்கிற காலமே தவிர தண்ணீரில் இறங்குகிற காலம் கிடையாது. மார்கழி பாதிக்கு மேல் தை, மாசி வரைதான் நம் ஏரிக்கு நல்ல பருவம். தண்ணீர் தெளிந்திருக்கும், காற்று அடங்கியிருக்கும், கூழைக்கடாவும் நாரையும் நீர்க்காகமும் கண்ணுக்குத் தெரியும். பங்குனிக்கு மேல் தண்ணீர் இறங்க ஆரம்பிக்கும். சித்திரை, வைகாசியில் ஏரிக்குள் ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், நெய்வேலி காட்டாமணக்கு ஊதாப்பூவோடு புதராக நிற்கும். ஏரியே வறண்டு சென்னைக்கு அனுப்புகிற தண்ணீர் நின்றுபோன கோடைகளும் உண்டு.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள் என்பதுதான் இந்த மடலின் சாரம். கான்கிரீட்டில் ஒரு படகுத்துறையை நிரந்தரமாகக் கட்டிவிட்டால் நாலு மாதம் அது தண்ணீருக்கு மேல் அந்தரத்தில் நிற்கும். மிதவை மேல் நிற்கிற துறைதான் இங்கே சரிப்படும். சித்திரையிலும் பிள்ளைகளுக்கு லீவு, அப்போதும் ஜனம் வரும், வந்தால் அவர்களுக்கு என்ன இருக்கிறது என்றும் யோசியுங்கள். காய்ந்த ஏரியில் பையன்கள் ஆடுவதை மறிக்காமல், குடிக்கத் தண்ணீரும் கொஞ்சம் நிழலும் கொடுத்தால் அதுவே அந்தப் பருவத்துக்குப் பூங்கா.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பேப்பரில் 'வீராணம் 47.50 அடி, முழுக் கொள்ளளவு' என்று போடுவார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டு, அடேயப்பா, நாற்பத்தேழு அடி ஆழமா என்று கேட்கிறார்கள். அது கடல் மட்டத்திலிருந்து எடுத்த கணக்கு, ஆழம் கிடையாது. 1465 மில்லியன் கன அடி தண்ணீரை இவ்வளவு பெரிய பரப்பில் கொட்டினால் ஆழம் எவ்வளவு வரும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். ஏரி பரந்தது, தட்டையானது. ஓரடி குறைந்தால் மேற்குப் பக்கம் தண்ணீர் எங்கேயோ உள்ளே போய்விடும். இதனால் ஒரு அசட்டுத் தைரியமும் வருகிறது. இடுப்பளவுதானே இருக்கிறது என்று நடந்து போகிறவர்கள், கோடையில் மண் அள்ளிய குழியில் கால் வைக்கும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். தண்ணீர் மூடிவிட்டால் குழி எங்கே, தரை எங்கே என்று இந்த ஊர்க்காரனாலும் சொல்ல முடியாது.

2022 ஜூன் மாதம் நம்ம ஜில்லாவிலேயே நெல்லிக்குப்பம் பக்கத்தில் குச்சிப்பாளையத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கெடிலம் ஆற்றில் தடுப்பணைக்குப் பக்கத்தில் குளிக்க இறங்கியவர்கள், பெண்களும் சிறுமிகளுமாக ஏழு பேர், ஒருவரைக் காப்பாற்ற ஒருவர் போய் ஒரே நாளில் போய்விட்டார்கள். அதுவும் பெரிய ஆழமான இடம் என்று யாரும் நினைத்திராத இடம்தான். அதனால்தான் படகுக்கு முன்னால் படித்துறை கேட்கிறேன்.

நம் கரையின் உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று கிட்டே போய்ப் பாருங்கள். சரிவாகக் கருங்கல் பதித்திருக்கிறது. தண்ணீர் தொடுகிற மட்டத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பச்சையாகப் பாசி. அதற்கு மேல் காய்ந்த கல், அதில் உட்கார்ந்துதான் எல்லோரும் காலை நனைக்கிறார்கள். காலை நனைக்கிறவர் எழுந்திருக்கும்போது எந்தக் கல்லில் மிதிப்பார்? அந்தப் பாசிக் கல்லில்தான். பிடிக்க ஒன்றும் கிடையாது, கல் இடுக்கில் உடைந்த குவார்ட்டர் பாட்டில் வேறு. கரையோர ஊர்கள் ஒவ்வொன்றிலும் அகலமான, சொரசொரப்பான படியோடு ஒரு துறை, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளச் சங்கிலி, இதற்கு மேல் போகாதே என்று தண்ணீருக்குள் ஒரு கயிறும் மிதவையும், பக்கத்தில் கம்பத்தில் தொங்கும் ஒரு காற்று வளையமும் நீளமான கயிறும். அந்த வளையத்தைப் பூட்டுப் போட்ட அலமாரிக்குள் வைத்துவிடாதீர்கள், சாவி இருக்கிற ஆள் சாப்பிடப் போயிருப்பார். பெண்கள் குளிக்க ஒரு மறைப்பு, துணி மாற்ற ஒரு அறை. மாடு குளிப்பாட்டத் தனித் துறை, ஏனென்றால் மாட்டுப் பொங்கலன்று மாடும் மனிதரும் ஒரே படியில் இறங்கினால் இருவருக்குமே சிரமம்.

இப்போது கழிப்பறை. இதை யாரும் மேடையில் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என் பெரியம்மா வீடு கரைக்குக் கீழே, கரையிலிருந்து இறங்கும் முதல் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே உட்கார்ந்திருந்தேன். கரை மேல் ஒரு வேன் நின்றது, பாயை விரித்தார்கள், தூக்கில் கொண்டுவந்த புளிசாதத்தைப் பிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து வாசலில் தயங்கி நின்றது.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. பாப்பாவுக்கு அவசரம், இங்க எங்கயாச்சும் பாத்ரூம்..."

"அதுக்கென்னம்மா, உள்ள வா. பின்பக்கம் இருக்கு. வழுக்கும், பாத்து."

பாப்பா போய் வந்தது. அப்புறம் பாப்பாவின் அம்மா. அப்புறம் மேலே கை காட்டினதில் ஒரு பாட்டி, இரண்டு அத்தைமார், கடைசியாக ஒரு கல்லூரிப் பெண், அது மட்டும் வெட்கத்தில் யார் முகத்தையும் பார்க்கவே இல்லை. பெரியம்மா எல்லோருக்கும் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, எந்த ஊர், புவனகிரியா, புவனகிரியில் யார் வீடு என்று விசாரித்து அனுப்பிவைத்தார். அவர்கள் மேலே ஏறியதும் என்னைப் பார்த்து, "ஏண்டா, இங்க பார்க்கு கட்டப் போறாங்களாமே, அவங்க கக்கூஸ் கட்டுவாங்களா முதல்ல? வாரா வாரம் நம்ம வூட்டு டேங்குதான் காலியாகுது" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆகவே, ஐயா, அம்மா, முதல் செங்கல்லைக் கழிப்பறைக்கு வையுங்கள். தண்ணீர் வருகிற கழிப்பறை, உள்ளே தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, ராத்திரி விளக்கு எரிகிற கழிப்பறை. கழிவு ஏரிக்குள்ளோ பாசன வாய்க்காலிலோ போகாதபடி கரையிலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும். பார்த்துக்கொள்ள ஒரு ஆளைச் சம்பளத்துக்குப் போட வேண்டும். திறப்பு விழா முடிந்து மூன்றாம் மாதம் பூட்டுத் தொங்கினால் பெரியம்மா வீட்டு வாசல்தான் மறுபடியும் பூங்காவின் கழிப்பறை.

நிழல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு தப்பு நடக்கிற இடம் இது. கரை முழுக்க மரம் நடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆர்வமுள்ள பிள்ளைகள் வந்து ஆலும் அரசும் புங்கனும் நட்டுவிட்டுப் போகிறார்கள். மண் கரையில் பெரிய வேர் விடுகிற மரம் ஆகாது. வேர் கரைக்குள் ஓடும், மரம் பட்டுப்போனால் வேர் மக்கி அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் கசிய வழி பிறக்கும். காற்றில் சாய்ந்தால் கரை மண்ணையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். பனை வைத்தார்களே நம் முன்னோர், அதன் வேர் நார்நாராக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்பதால்தான். கரையில் பனை, கரைக்குக் கீழே புறம்போக்கில் வேம்பும் புங்கனும், மேலே உட்கார ஓலையோ ஓடோ போட்ட கொட்டகை, இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். அந்தக் கொட்டகைக்கும் கரையைத் தோண்டி அஸ்திவாரம் போடக் கூடாது என்று நான் சொல்லி உங்கள் பொறியாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் காண்டிராக்ட் எடுக்கிறவருக்கு யாராவது எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ரோட்டைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரியும். எதிரும் புதிருமாக பஸ்ஸும் கரும்பு டிராக்டரும் வந்தால் நடக்கிறவர் ஏரிப்பக்கமாகத்தான் ஒதுங்க வேண்டும். வண்டி நிறுத்த லால்பேட்டை முனையிலும் சேத்தியாத்தோப்பு முனையிலும் கீழே இடம் ஒதுக்கி, செல்ஃபி எடுக்கிறவர்கள் நடுரோட்டில் நிற்காமல் இருக்க ஏரிப்பக்கம் கம்பி வேலியோடு நாலைந்து இடத்தில் மேடை போட்டால் போதும். பார்க்கிங் கட்டணம் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கரையில் நடக்கிறவனிடம் மட்டும் டிக்கெட் கேட்காதீர்கள்.

உபரி திறக்கிற விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் அப்படி இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டு, தென்பெண்ணை கடலூர் வரைக்கும் வந்து வீடுகளுக்குள் புகுந்ததை நாம் பார்த்தோம். திறப்பது என்றால் என்ன என்று இந்த ஜில்லாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வீராணத்தில் அவ்வளவு வராதுதான். ஆனால் வெள்ளியங்கால் ஓடை மதகுக்குக் கீழே, ஷட்டரிலிருந்து தண்ணீர் நுரைத்து விழுகிற இடத்தில், பையன்கள் தூண்டிலோடு நிற்பது தினசரிக் காட்சி. ஷட்டரை இன்னும் ஓரடி தூக்கப் போகிறார்கள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு சைரன், திறப்பதற்கு முன்னால் கால் மணி நேரம் விட்டுவிட்டு ஊதட்டும். பக்கத்துப் பள்ளிவாசலிலும் கோயிலிலும் மைக் இருக்கிறது, கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

கடைசியாகப் படகு. கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான், எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தத் தண்ணீரை சேத்தியாத்தோப்பிலிருந்து எடுத்து, வடக்குத்து என்ற ஊரில் சுத்தம் செய்து, சென்னைக்குக் குழாயில் அனுப்பிக் குடிக்கிறார்கள், 2004லிருந்து. நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர் வரைக்கும் போகிற திட்டம். அதில் டீசல் மோட்டாரை விட்டு எண்ணெய் மிதக்க வைப்பது நன்றாக இருக்குமா? துடுப்புப் படகு, இல்லாவிட்டால் பேட்டரிப் படகு போதும். ஸ்பீடு போட்டெல்லாம் இந்த ஆழத்துக்கு எடுபடாது, வலை வேறு கிழியும், தையில் வந்து உட்காருகிற பறவையும் கிளம்பிப் போய்விடும்.

தேக்கடியில் 2009 செப்டம்பரில் படகு கவிழ்ந்து 45 பேர் போனது ஞாபகம் இருக்கும். அதுவும் ஒரு நீர்த்தேக்கம்தான், அமைதியான தண்ணீர்தான். கரையில் மிருகம் தெரிகிறது என்று எல்லோரும் ஒரே பக்கம் போனார்கள், படகு சாய்ந்தது, உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லை. இங்கே மிருகம் கிடையாது, கூழைக்கடா கூட்டம் இறங்கினால் அதே கதைதான், எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு ஒரே பக்கம் சாய்வார்கள். ஏறும்போதே ஜாக்கெட்டை மாட்டிவிட்டு பக்கிளைப் போட்டுச் சரிபார்க்காமல் ஒரு படகும் கிளம்பக் கூடாது. காணும் பொங்கலன்று கூட்டத்தைப் பார்த்து "இன்னும் ரெண்டு பேர் ஏறிக்கலாம் சார்" என்று சொல்கிற ஆளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புங்கள். ஆடியில் படகுக்கு லீவு, வெள்ளம் வருகிற நாளில் லீவு என்று முன்கூட்டியே போர்டில் எழுதிவிடுங்கள், அப்போதுதான் வந்தவர் சண்டை போட மாட்டார்.

படகை யார் ஓட்டுவது என்பதிலும் எனக்கு ஒரு பதில் இருக்கிறது. வெளியூர் ஏஜென்சி வேண்டாம். ஏரியில் வலை போட்டுப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், தெர்மாகோல் மிதவையில் உட்கார்ந்து விடியற்காலையில் கெண்டையும் விராலும் பிடித்துவந்து விற்கிறவர்கள். எந்த மூலையில் குழி, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீரில் விழுந்தவரைத் தூக்கவும் இன்றைக்கு வரைக்கும் ஊர் அவர்களைத்தான் கூப்பிடுகிறது, அதற்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை. அவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்து, காப்பீடு எடுத்து, படகையும் உயிர்காக்கும் வேலையையும் அவர்களிடமே கொடுங்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் கரையில் மீன் வறுத்து விற்க நாலு கடையும் கொடுங்கள். படகுச் சவாரி வந்தபின் மீன்பிடி எல்லையைக் குறைக்கிறோம் என்று மட்டும் வராதீர்கள், வந்தால் முதல் படகு கிளம்பாது.

இதையெல்லாம் பேச ஊரைக் கூட்டினால் நாங்களும் வருகிறோம். ஒரு சின்ன வேண்டுகோள். காலை பத்து மணிக்குக் கூட்டம் என்று போட்டுவிடாதீர்கள். வலைக்குப் போனவர்கள் அந்த நேரத்தில்தான் கரையேறி மீனை எடை போட்டுக்கொண்டிருப்பார்கள், வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிறவர்களும் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு, கரையிலேயே வையுங்கள். பெரியம்மாவையும் கூட்டி வருகிறேன், அவருக்குக் கேட்க நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
வீராணம் கரையோரத்து ஊர்க்காரன் ஒருவன்